பிரேக் அடிக்க எத்தனை அவுன்ஸ் கியூ வேண்டும்?

திருகோணமலையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள விருந்தினர் விடுதிகளில் மாலை வேளையில் பூல் மேசையைச் சுற்றிக் கூடும் நம்முடைய பிள்ளைகள், ஆட்டம் தொடங்குமுன் தாங்கியில் நிற்கும் கியூக்களை, அதாவது பந்தை அடிக்கும் கோல்களை, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அவற்றுள் ஆகப் பாரமானதையே, அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக்குக்கு எடுப்பதைப் பல வருடங்களாகக் கண்டு வருகிறேன். கோடரி பாரமாக இருந்தால் விறகு விரைவில் பிளக்கும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எவ்வளவு சிறியது என்பதை அளந்து பார்த்தவர்கள் குறைவு. நானும் 22 அவுன்ஸ் கியூ ஒன்றோடு ஒரு வருடத்துக்கு மேல் போராடி, வெள்ளைப் பந்து மேசையை விட்டுத் தாவி நிலத்தில் உருளுவதைப் பல முறை பார்த்த பின்னரே இதை ஒழுங்காகக் கற்க முற்பட்டேன். அந்தக் காலத்தை மற்றவர்களும் இழக்கத் தேவையில்லை.

முதலில் எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பூல் கியூக்கள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ் வரையிலான பாரத்தில் செய்யப்படுகின்றன. அவற்றுள் 19 அவுன்ஸ் கியூவையே ஆகக் கூடுதலானோர் பயன்படுத்துகின்றனர். விடுதிக் கியூக்களின் அடிப்பகுதியில் 18, 19, 20, 21 என்று பொறிக்கப்பட்டிருக்கும் எண் அவுன்ஸ் கணக்கையே குறிக்கிறது. ஒரு அவுன்ஸ் 28.35 கிராம் ஆகையால், 18 அவுன்ஸ் கியூ ஏறத்தாழ 510 கிராமும், 19 அவுன்ஸ் 539 கிராமும், 20 அவுன்ஸ் 567 கிராமும், 21 அவுன்ஸ் 595 கிராமும் இருக்க வேண்டும். உலகப் பூல் சங்கத்தின் விதி 25 அவுன்ஸை, அதாவது 708.75 கிராமை, உச்ச எல்லையாக வைக்கிறது. இன்ன பாரத்துக்குக் கீழே போகக்கூடாது என்று அது எதையும் வரையறுக்கவில்லை. பொறித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நுனியில் ஒட்டிய டிப்பை மாற்றி, முனை சீவி, அடி இறப்பர் கழன்று போன பழைய கியூக்களின் பாரம் எண்ணோடு ஒத்துப்போவதில்லை. 20 என்று பொறித்த கியூ ஒன்றை மளிகைக் கடையின் டிஜிட்டல் தராசில் குறுக்காக வைத்து நிறுத்தபோது அது 525 கிராமே காட்டியது. ஆகவே தெரிவு தொடங்க வேண்டிய இடம் தராசு.

இனிப் பாரம் செய்யும் வேலையைப் பார்ப்போம். கியூ வெள்ளைப் பந்தைத் தொடும் கணத்தில், பந்துக்குக் கிடைக்கும் வேகம் மூன்றைப் பொறுத்தது: கியூ வரும் வேகம், கியூவின் பாரத்துக்கும் பந்தின் பாரத்துக்கும் உள்ள விகிதம், டிப் எவ்வளவு சக்தியை வீணாக்காமல் கடத்துகிறது என்பது. பந்து 6 அவுன்ஸ் என்று கொண்டால், 18 அவுன்ஸ் கியூவும் பந்தும் சேர்ந்து 24 அவுன்ஸ். அதில் கியூவின் பங்கு நூற்றுக்கு 75. 21 அவுன்ஸ் கியூவுக்கு அந்தப் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 78. இரண்டு கியூக்களும் ஒரே வேகத்தில் வருமாயின், மூன்று அவுன்ஸ் கூட்டியதால் வெள்ளைப் பந்துக்குக் கிடைக்கும் மேலதிக வேகம் நூற்றுக்கு நான்குகூட இல்லை. 19இலிருந்து 21க்குப் போனால் நூற்றுக்கு இரண்டு சொச்சம் மட்டுமே. அந்த மேலதிகப் பாரத்தால் உங்கள் கை அதே அளவுக்குச் சற்று மந்தமாகிவிட்டால், கூட்டியது அனைத்தும் கழிந்துவிடும். மாறாக, கியூவின் வேகத்தை நூற்றுக்குப் பத்து கூட்டினால் பந்தின் வேகமும் நூற்றுக்குப் பத்து கூடும். வேகத்தின் வர்க்கத்தோடு வளரும் சக்தியோ நூற்றுக்கு இருபத்தொன்று கூடும்.

அப்படியானால் ஆக இலேசான கியூவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கை கியூவை மட்டும் வீசுவதில்லை. முன்கையையும் உள்ளங்கையையும் சேர்த்தே வீசுகிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவரின் முன்கையும் கையும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும். அந்த ஒன்றரைக் கிலோவோடு 510 கிராம் போனாலும் 595 கிராம் போனாலும், மொத்தத்தில் தசைக்குத் தெரியும் வேறுபாடு பெரிதல்ல. இலேசான கியூவை எடுத்தவுடன் கை இரு மடங்கு வேகத்தில் பறக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். எனவே 18க்கும் 21க்கும் இடையில் வேகத்தில் வரக்கூடிய இலாபமும் நட்டமும் இரு பக்கமும் சிறியவை. ஆளுக்கு ஆள் மாறுபவை. வேறுபாடு பெரிதாகத் தெரியும் இடம் வேறொன்று. அது, முக்கோணமாக அடுக்கிய பந்துகளில் முன்னே நிற்கும் முதற் பந்தை வெள்ளைப் பந்து எவ்வளவு நேராகச் சந்திக்கிறது என்பதாகும்.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒன்பது அடி மேசையில் வெள்ளைப் பந்தைப் பிரேக் கோட்டின் நடுப்புள்ளியில் வைத்து அடித்தால், முதற் பந்தைத் தொடும் வரை அது ஏறத்தாழ 1.21 மீற்றர் பயணம் செய்கிறது. அந்தத் தூரத்தில் வெறும் அரைப் பாகை விலகினால், வெள்ளைப் பந்து நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தள்ளிப் போய் மோதும். பந்தின் விட்டம் 57.15 மில்லிமீற்றர் ஆகையால், இந்த விலகலால் முக்கோணத்துக்குப் போய்ச் சேரும் சக்தியில் நூற்றுக்கு மூன்று அளவே குறைகிறது; பந்துகள் ஓரளவு சிதறத்தான் செய்யும். ஆனால் வெள்ளைப் பந்து தன் வேகத்தில் ஆறில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்கிறது. நல்ல பிரேக் ஒன்றில் அது விநாடிக்கு ஒன்றரை மீற்றர். அந்த வேகத்தோடு ஓடும் பந்து பக்கக் குஷனில் பட்டுத் திரும்பி, மற்றப் பந்துகளோடு மோதி, பெரும்பாலும் ஏதாவது ஒரு பொக்கெட்டைத் தேடிப் போகிறது. மூன்று அவுன்ஸ் கூட்டிப் பெற்ற நூற்றுக்கு நான்கு வேகத்துக்காக வெள்ளையை இழப்பது மிகவும் நட்டமான வியாபாரம்.

திருக்கடலூரில் கரைவலை இழுக்கும் தம்பி ஒருவரின் பிரேக்கைப் பார்த்தபோதுதான் இது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. தோளில் அவருக்கு இருக்கும் பலம் எங்களில் எவருக்கும் இல்லை. அதனால் 21 அவுன்ஸ் கியூ அவருக்கு ஒரு பாரமாகவே தெரிவதில்லை. ஆயினும் அவர் பிரேக் அடிக்கும் பத்தில் நான்கு முறை வெள்ளை நடுப்பொக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று கவனித்தபோது, கியூவை முன்னே தள்ளும் கடைசிக் கணத்தில் அவருடைய முழங்கை உடலை விட்டு வெளியே போவதைக் கண்டேன். பாரமான கியூவை முழங்கையால் மட்டும் வீசாமல் தோளால் தள்ளும் பழக்கம், அவரைப் போன்ற பலசாலிகளிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. 19 அவுன்ஸ் கியூவைக் கொடுத்தபோது தோள் தானாகவே ஓய்ந்துவிட்டது. அன்று மாலையே வெள்ளை மேசையின் நடுவில் நிற்கத் தொடங்கியது. பலம் உள்ளவருக்குப் பாரமான கியூ என்ற கணக்கு எப்போதும் சரிவராது என்பதை அன்றிலிருந்து நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களுக்குரிய பாரத்தைக் கண்டுபிடிக்க, நீங்கள் வழக்கமாக ஆடும் கியூவின் பாரத்திலிருந்தே தொடங்குங்கள். அதற்கு ஓர் அவுன்ஸ் கீழே ஒன்றும் ஓர் அவுன்ஸ் மேலே ஒன்றுமாக இன்னும் இரண்டு கியூக்களைத் தேடிக்கொள்ளுங்கள்; விடுதிகளின் தாங்கியில் இவை கிடைத்துவிடும். முதலில் முக்கோணம் அடுக்காமல், வெறும் மேசையில், பிரேக் அடிக்கும் இடத்திலிருந்து வெள்ளைப் பந்தை எதிர்க் குஷனின் நடுவை நோக்கி முக்கால் வேகத்தில் நேராக அடியுங்கள். பந்து குஷனில் பட்டு நேராகத் திரும்பி வந்து உங்கள் டிப்பிலேயே படவேண்டும். அது இடமோ வலமோ விலகி வருமாயின், நீங்கள் பந்தின் நடுவை அடிக்கவில்லை, அல்லது கியூ நேராகப் போகவில்லை என்பது பொருள். ஒவ்வொரு கியூவாலும் பத்து முறை இப்படி அடித்துப் பார்த்தால், எந்தப் பாரத்தில் கை நேராகப் போகிறது என்பது வேகக் கணக்கு எதுவும் இல்லாமலே பாதி தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் தெளிவாகத் தோற்கும் கியூவை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். அது எவ்வளவு பலமாக அடித்தாலும் உங்களுக்கு உதவாது.

அடுத்தது உண்மையான பிரேக். இங்கே கைத்தொலைபேசி பெரிய உதவி. ஒலிப்பதிவுச் செயலியை இயக்கிவிட்டுத் தொலைபேசியை மேசையின் ஓரத்தில் வைத்துப் பிரேக் அடித்தால், கியூ பந்தில் படும் ஒலியும், வெள்ளை முக்கோணத்தில் மோதும் ஒலியும் இரண்டு கூர்மையான கோடுகளாகப் பதிவாகும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பார்த்து, தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். வெள்ளைப் பந்தை நடுப்புள்ளியில் வைத்து அடித்தால் தூரம் ஒன்பது அடி மேசையில் 1.21 மீற்றர், எட்டு அடி மேசையில் 1.06 மீற்றர், மற்ற மேசைகளில் அந்தப் புள்ளிக்கும் முதற் பந்து நிற்கும் புள்ளிக்கும் இடையே நாடாவால் அளந்து, அதிலிருந்து ஒரு பந்தின் விட்டத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, ஒன்பது அடி மேசையில் 0.138 விநாடி வந்தால் வெள்ளைப் பந்து மணிக்கு ஏறத்தாழ 31 அல்லது 32 கிலோமீற்றர் வேகத்தில் போயிருக்கிறது. மெதுவோட்டக் காணொளியில் சட்டங்களை, அதாவது தனித்தனிப் படங்களை, எண்ணியும் இதைச் செய்யலாம். ஆனால் விநாடிக்கு 240 சட்டம் எடுக்கும் தொலைபேசியில்கூட, ஒரு சட்டத்தின் பிழை நூற்றுக்கு மூன்று வரும். நாம் தேடும் வேறுபாடே அவ்வளவுதான் என்பதால் ஒலிப்பதிவே நம்பத் தகுந்தது.

ஒவ்வொரு கியூவுக்கும் பத்துப் பிரேக் அடியுங்கள். ஆனால் ஒரே கியூவால் தொடர்ந்து பத்து அடிக்காதீர்கள். முதலில் அடித்த கியூவுக்குப் புதுக் கையும் கடைசியில் அடித்ததற்குக் களைத்த கையும் கிடைத்தால் ஒப்பீடு பழுதாகிவிடும். ஆகவே மூன்றையும் மாறி மாறி எடுங்கள். ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொண்டாற் போதும்: நேரம், வெள்ளை நின்ற இடம், குஷனைத் தொட்ட அல்லது பொக்கெட்டில் விழுந்த பந்துகளின் எண்ணிக்கை. இவற்றுள் வெள்ளை நின்ற இடத்தையே நான் முதலாவதாக மதிக்கிறேன். மேசையின் நடுவிலிருந்து ஒரு முழத்துக்குள் வெள்ளை நின்ற பிரேக்குகள் எந்தக் கியூவில் ஆகக் கூடுதலோ அதுவே முன்னணியில் நிற்கிறது. இரண்டு கியூக்கள் இதில் சமமாக வந்தால் வேகமானதைத் தெரிவு செய்யுங்கள். வேகத்திலும் சமமாக வந்தால் இலேசானதை எடுங்கள் என்பேன். ஏனெனில் இரவு பத்து மணிக்கு ஆடும் பன்னிரண்டாவது ஆட்டத்தில், களைத்த கைக்கு அந்த ஓர் அவுன்ஸ் தெரியும். இப்படிச் சோதித்தவர்களில் என் கண்ணெதிரே பெரும்பாலானோர் 18க்கும் 20க்கும் இடையில் வந்து நின்றனர். நீண்ட கையும் நிதானமான வீச்சும் உள்ள ஓரிருவர் 21இல் நின்றனர். அவர்களுக்கு அதுதான் சரி, ஏனென்றால் மெதுவாகத் தொடங்கிச் சீராக வேகமெடுக்கும் கையைப் பாரமான கியூ ஆடாமல் வைத்திருக்கிறது. வெடுக்கென்று வீசும் கைக்கு இலேசானது பொருந்துகிறது.

பாரம் எங்கே இருக்கிறது என்பதும் பாரம் எவ்வளவு என்பதற்குச் சற்றும் குறைந்த விடயமல்ல. கியூவை ஒரு விரலில் வைத்துச் சமநிலை நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அது அடிமுனையிலிருந்து 18 அல்லது 19 அங்குலத்தில் இருப்பது வழக்கம். பல கியூக்களின் அடி இறப்பரைக் கழற்றினால் உள்ளே ஓர் உருக்குப் போல்ட் தெரியும். அறுகோணச் சாவியால் அதைக் கழற்றிப் பாரமான அல்லது இலேசான போல்ட்டை மாற்றலாம். இதனால் ஒரே கியூவை இரண்டு மூன்று பாரங்களில் சோதிக்க முடிகிறது. ஆனால் அடியில் ஓர் அவுன்ஸ் கூட்டினால் சமநிலை இரண்டு சென்ரிமீற்றர் அளவு பின்னே போகும். முன்பகுதி இலேசாகி, தாங்கு கையின் மேலே கியூவின் முனை எழும்பப் பார்க்கும். அப்படி எழும்பும் கியூவைக் கட்டுப்படுத்தப் பிடியை இறுக்குவோம். இறுக்கிய பிடி கியூவைத் திருப்பிவிடும். பாரம் கூட்டியபின் பின்கையையும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் பின்னே நகர்த்திப் பிடித்துப் பாருங்கள். கைப்பிடியில் சைக்கிள் டியூப் துண்டைச் செருகுவோரும் நம்மிடையே உண்டு. பிடி வழுக்காமல் இருக்க அது நல்லது, ஆனால் அதன் பாரமும் சேரும் என்பதால் மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

டிப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மென்மையான தோல் டிப் அடியின் சக்தியில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிக்கொள்கிறது. கடினமான தோலும், பினோலிக் என்னும் கடினப் பிசினால் செய்த டிப்பும் குறைவாக விழுங்குகின்றன. டிப்பைக் கடினமாக்குவதால் கிடைக்கும் வேகம், ஓரிரண்டு அவுன்ஸ் கூட்டுவதால் கிடைப்பதைவிடக் குறையாது; அதற்காகக் கை கூடுதல் பாரத்தைச் சுமக்கவும் வேண்டியதில்லை. ஆகவே வேகம் போதவில்லை என்று எண்ணுபவர் போல்ட்டைத் தொடுமுன் டிப்பைப் பார்க்கட்டும். சில போட்டிகளில் தோல் டிப் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது என்பதால், போட்டிக்குப் போகுமுன் கேட்டுக்கொள்வது அவசியம். ஸ்னூக்கர் கியூவால் பிரேக் அடிக்கவே வேண்டாம். 1973இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற எம். ஜே. எம். லாபிரின் நாடு இது. பில்லியர்ட்ஸ் மேசையில் கை பழகிய மூத்தவர்கள் தங்கள் கியூவோடு பூல் மேசைக்கும் வருவதுண்டு. அந்தக் கியூவின் முனை 9 அல்லது 10 மில்லிமீற்றர் அகலமே கொண்டது. நுணுக்கமான அடிக்காகச் செய்யப்பட்டது. பாரமான பூல் பந்தை முழு வேகத்தில் அடித்தால் முனையின் வளையம் வெடிக்கக்கூடும். பிரேக்குக்கு 12.5 அல்லது 13 மில்லிமீற்றர் முனையே ஏற்றது.

ஆட்டத்தின் வகையும் தெரிவைச் சற்று மாற்றும். எட்டுப் பந்து ஆட்டத்தில் பதினைந்து பந்துகளை உடைக்க வேண்டியிருப்பதால் வேகத்துக்கு மதிப்புக் கூடுகிறது. ஒன்பது பந்து ஆட்டத்தில் உடைக்க வேண்டியவை குறைவு. பலர் பக்கக் குஷனுக்கு அருகிலிருந்து சரிவாக அடிப்பதால் துல்லியமே முதன்மை பெறுகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் கோரி டூயல் மென்மையான பிரேக்குக்குப் பேர் பெற்றவர். 2001இல் அமெரிக்கத் திறந்த ஒன்பது பந்துப் பட்டத்தை வென்றவரும் அவரே. இரண்டையும் ஆடுபவர் ஒரே பாரத்தை வைத்துக்கொண்டு வேகத்தைக் கையால் மாற்றுவதே நல்லது.

கியூவைக் குறை கூறுமுன் மேசையையும் பாருங்கள். முதற் பந்துக்கும் அதன் பின்னுள்ள இரண்டுக்கும் இடையில் தாள் நுழையும் அளவு வெளி இருந்தாலே சிதறல் குறைந்துவிடும். எந்தப் பாரமும் அதைச் சரிசெய்யாது. வெள்ளைப் பந்தையும் அதே தராசில் நிறுத்துப் பாருங்கள். அது 156 முதல் 170 கிராமுக்குள் இருக்க வேண்டும். தேய்ந்து இலேசான வெள்ளை மோதியவுடன் பின்னே துள்ளும். வேறு தொகுதியிலிருந்து வந்த பாரமான வெள்ளை முன்னே உருண்டு போகும். அத்தகைய மேசையில் செய்த சோதனையின் முடிவை வேறு மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

திருகோணமலையின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் துணி ஈரம் குடித்து மந்தமாகிறது. சோக்கும் நமத்துப்போய் டிப்பில் சரியாகப் பிடிக்காது. பந்துகள் சிதறுவது குறைவதைக் கண்டு அப்போதுதான் பலர் பாரமான கியூவைத் தேடுகின்றனர். அந்த மந்தம் மோதிய பின் உருளும் பந்துகளில் கூடுதலாகவும், 1.21 மீற்றர் மட்டுமே ஓடும் வெள்ளையில் குறைவாகவும் தெரிவது என்பதால், ஓர் அவுன்ஸ் கூட்டுவது அதற்கு மருந்தாகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் துணி காய்ந்து வேகமாகிறது, கை வியர்க்கிறது. அப்போது தாங்கு கைக்குக் கையுறையோ சிறிது பவுடரோ தேவைப்படும், பாரத்தை மாற்றத் தேவையில்லை. கடலோர விடுதியில் வைக்கும் கியூவின் போல்ட்டை உப்புக் காற்று துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடும் என்பதால், சில மாதங்களுக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து இலேசாக எண்ணெய் தடவுங்கள். கியூவைச் சுவரில் சாய்த்து வைக்காமல், வெயிலில் நிற்கும் முச்சக்கர வண்டியில் விட்டுச் செல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைந்த மரத்துக்கு எந்தப் பாரமும் பொருந்தாது.

டிப் மாற்றினாலோ, போல்ட் மாற்றினாலோ, தோள் வலியால் சில வாரம் ஆடாமல் இருந்து திரும்பினாலோ, அந்தப் பத்துப் பத்துப் பிரேக்குகளையும் மீண்டும் அடித்து எழுதிக்கொள்ளுங்கள். என் கியூ இப்போது 541 கிராம் நிற்கிறது. கடைசியாக எழுதிய தாளில், அதனால் அடித்த பத்தில் ஏழு முறை வெள்ளை நடுவிலிருந்து ஒரு முழத்துக்குள் நின்றிருக்கிறது.